ஏழெட்டு ஐம்பத்து நான்கு

செய்தி வாசிப்பாளருக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்து நான்கு வருடங்களாக வானொலியில் காலை ஏழு மணிச் செய்தி அவருடையது. ஊரில் அவர் முகத்தைத் தெரிந்தவர்கள் குறைவு. குரலைத் தெரியாதவர்கள் அதைவிடக் குறைவு. கடையில் போய் "அரைக் கிலோ தக்காளி குடுங்க" என்றால் போதும், பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. வீட்டில் தக்காளி இருக்கும்போதே தக்காளி வாங்கப் போன நாட்களும் உண்டு.

அப்படிப்பட்டவரை, வருடக் கடைசியில் ஓய்வு பெறப்போகும் செய்திப் பிரிவுத் தலைவரின் நாற்காலிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாம் முடிந்து கைகுலுக்கியும் ஆகிவிட்டது. மறுநாள் பணியாளர் பிரிவு அதிகாரி அவரைக் கூப்பிட்டு ஒரு பழைய கோப்பைப் புரட்டினார்.

"எல்லாம் சரியா இருக்கு சார். உங்க டிகிரி சர்டிபிகேட் நகல் மட்டும் காணோம். அந்தக் காலத்துல வாங்கி வைக்கலபோல. ஒண்ணு குடுத்துடுங்க, போதும்."

"வீடு மாத்தும்போது எங்கேயோ போயிடுச்சு. காலேஜ்ல எழுதிக் குடுத்து வேற வாங்கித் தர்றேன்" என்றார் வாசிப்பாளர். இவ்வளவு பெரிய பொய் இவ்வளவு சுத்தமான உச்சரிப்பில் வந்ததைக் கேட்டு அவருக்கே திக்கென்றது.

"அவசரம் இல்ல சார். அஞ்சு மாசம் இருக்கே."

உண்மை என்னவென்றால் அவர் பட்டதாரியே இல்லை. மூன்று வருடம் படித்தார், எல்லாப் பாடத்திலும் தேறினார், கணக்கு மட்டும் அரியராகத் தொங்கிவிட்டது. மூன்று முறை எழுதினார். மூன்றாவது முறை பதினெட்டு மதிப்பெண். அப்போதுதான் வானொலியில் ஆள் எடுத்தார்கள். விண்ணப்பத்தில் 'பி.ஏ.' என்று எழுதினார்; எப்படியும் அடுத்த முறை தேறிவிடுவோம் என்று ஒரு நினைப்பு. குரலைக் கேட்டதும் வேலை கொடுத்துவிட்டார்கள், காகிதத்தை யாரும் கேட்கவில்லை. அடுத்த முறை என்பது வரவேயில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மனைவி ஆசையாக ஒரு பெயர்ப்பலகை செய்து வாசலில் மாட்டினாள், அதிலும் 'பி.ஏ.' இருந்தது. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். நாளாக ஆக, சொல்வதற்கான வாய் சிறுத்துக்கொண்டே போனது.

பழைய கல்லூரியில் போய் விசாரித்தார். அந்தப் பாடத்திட்டம் எல்லாம் எப்போதோ போய்விட்டது, கணக்கை முதன்மையாக எடுக்காத மாணவர்களுக்கென்று 'அடிப்படைக் கணிதம்' என்று ஒரு பாடம் இருக்கிறது, அதில் உட்கார்ந்து தேறினால் பட்டம் தருகிறோம் என்றார்கள். செவ்வாய், வியாழன் மதியம் வகுப்பு, நாலு மாதம். மனைவியிடம் அலுவலகத்தில் பயிற்சி என்று சொன்னார்.

"இத்தனை வருஷத்துக்கு அப்புறம் உங்களுக்கு யாரு பயிற்சி குடுக்கிறது?" என்று அவள் சிரித்தாள்.

"மெஷின் எல்லாம் புதுசா வந்திருக்கு" என்றார்.

முதல் நாள் வகுப்பில் நுழைந்ததும் மாணவர்கள் எழுந்து நின்றார்கள். ஆசிரியர் என்று நினைத்துவிட்டார்கள். அவர் தலையைக் குனிந்தபடி கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்ததும் ஒரு சலசலப்பு, அடக்கிய சிரிப்பு. அவருக்குக் காதுமடல் கொதித்தது. பின்னாலேயே விரிவுரையாளர் வந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண், அதிகம் சிரிக்காத முகம். வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

பெயரைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. கல்லூரியில் இருந்தது பிறப்புச் சான்றிதழின் நீளமான பெயர். வானொலியில் அவர் சொல்வது அதன் வால் மட்டும். பயம் குரலைப் பற்றித்தான். 'உள்ளேன்' என்று ஒரு சொல் சொன்னால் அறுபது தலையும் திரும்பும். ஏழு மணிச் செய்திக்காரர் முதலாம் ஆண்டுப் பையன்களோடு உட்கார்ந்து சதவீதம் படிக்கிறார் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அவர் முறை வந்தபோது கை தானாக உயர்ந்தது. இன்னொரு கை தொண்டையைத் தொட்டுக்காட்டி 'முடியாது' என்று அசைந்தது.

"பேச வராதா சார்?" விரிவுரையாளரின் முகம் இளகியது. "அச்சச்சோ, பரவாயில்ல. கையத் தூக்கினா போதும்."

சிரித்துக்கொண்டிருந்த வகுப்பு சட்டென்று அடங்கியது. அந்த அமைதி அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சௌகரியமாகவும் இருந்தது.

அவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பெண். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவள், ஈட்டி எறிகிறவள். வகுப்பில் எல்லோரும் அவளை ஈட்டி என்றே கூப்பிட்டார்கள். விடியற்காலையில் மைதானத்துக்குப் போய்விட்டு வருவதால் மதியத்தில் கண் சொருகும்; சொருகும்போதெல்லாம் தன் கையைத் தானே கிள்ளிக்கொள்வாள். கணக்கில் அவளும் அவரைப் போலத்தான். ஆனால் தெரியாததை வெட்கப்படாமல் கேட்பாள்.

இரண்டாவது வாரத்தில் அவர் கரும்பலகையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, ஒரு துண்டுத்தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

"அங்கிள், சந்தேகம் இருந்தா இதுல எழுதுங்க. நான் கேட்கிறேன்."

அவர் தயங்கித் தயங்கி எழுதினார்: நூறில் இருபது சதவீதம் ஏற்றி, பிறகு இருபது சதவீதம் குறைத்தால் ஏன் பழையபடி நூறு வருவதில்லை?

அவள் எழுந்து நின்றாள். "மேடம், அங்கிளுக்கு ஒரு டவுட்டு. எனக்கும் அதே டவுட்டுதான்."

விரிவுரையாளர் விளக்கினார். ஏற்றும்போது இருபது சதவீதம் என்பது நூறில். குறைக்கும்போது அது நூற்றிருபதில். எத்தனை ஆயிரம் சதவீதங்களை அவர் வானொலியில் வாசித்திருப்பார்! உற்பத்தி இத்தனை சதவீதம் உயர்வு, மழை இத்தனை சதவீதம் குறைவு. ஒன்றின் அர்த்தமும் தெரியாமல் ஏற்ற இறக்கத்தோடு வாசித்திருக்கிறார். புரிந்த சந்தோஷத்தைவிட இந்த நினைப்புதான் அன்றைக்கு அவரோடு பஸ்ஸில் வந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு வகுப்பிலும் அவள்தான் அவருக்கு வாய். அவர் இருமினால் தண்ணீர் பாட்டிலை நீட்டுவாள். யாராவது அவரைக் கேலியாகப் பார்த்தால், "என்னடா பார்வை? உங்கப்பா வயசு" என்று அதட்டுவாள். அவர் ஒவ்வொரு முறையும் தலையை மட்டும் அசைப்பார். 'நாளைக்கு இவளிடம் மட்டுமாவது சொல்லிவிடுவோம்' என்று நினைப்பார். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கணீரென்று செய்தி வாசிப்பார்.

முதல் தேர்வில் அவருக்கு நாற்பத்தெட்டு, அவளுக்கு முப்பத்தொன்று. சதவீதம் என்பதால் அவர் ராப்பகலாக உருப்போட்டிருந்தார். இரண்டாம் தேர்வு நிகழ்தகவு. அங்கேதான் சறுக்கியது. பையில் ஐந்து சிவப்புக் கோலி, மூன்று நீலக் கோலி. பார்க்காமல் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டை எடுத்தால், இரண்டும் சிவப்பாக இருக்க என்ன வாய்ப்பு? வினாத்தாளைப் பார்த்ததும் இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய அதே இருட்டு கண்ணில் வந்து இறங்கியது. பதினெட்டு, பதினெட்டு என்று மண்டைக்குள் ஒன்று சொல்லிக்கொண்டேயிருந்தது.

பக்கத்தில் ஈட்டி விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தாள். பெரிய பெரிய எழுத்து. அவர் முதலில் ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு ஓரக்கண் என்ன, முழுக்கண்ணாலேயே பார்த்தார். ஐந்தின் கீழ் எட்டு, நான்கின் கீழ் ஏழு, பெருக்கினால் இருபதின் கீழ் ஐம்பத்து நான்கு, சுருக்கினால் பத்தின் கீழ் இருபத்தேழு. அப்படியே இறக்கினார். இன்னும் இரண்டு கணக்கையும் இறக்கினார். வெளியே வந்ததும் அவள், "எப்படி அங்கிள்?" என்று கட்டைவிரலை உயர்த்திக் கேட்டாள். அவரும் கட்டைவிரலை உயர்த்தினார்.

அடுத்த வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளர் இருவரையும் தன் அறைக்கு வரச் சொன்னார். சின்ன அறை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஜன்னலோரம் கட்டுக்கட்டாக விடைத்தாள்கள். அவரை உட்காரச் சொன்னார். ஈட்டியைச் சொல்லவில்லை.

"ரெண்டு பேப்பர்லயும் ஏழெட்டு ஐம்பத்து நாலுன்னு இருக்கு. இந்த ஒரு தப்பு யாருக்கும் வரலாம். ஆனா மூணு கணக்குலயும் அதே வரி, அதே தப்பு." விரிவுரையாளர் ஈட்டியைப் பார்த்தார். "முதல் டெஸ்ட்ல முப்பத்தொண்ணு எடுத்தே. இப்ப அறுபத்திரண்டு. எப்படி?"

"படிச்சேன் மேடம்."

"சாருக்கும் அறுபத்திரண்டு."

ஈட்டிக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். அவர் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கைதான் இருந்தது. "அங்கிள், நீங்க சொல்லுங்க" என்றாள்.

விரிவுரையாளர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தார். "எழுதிக் காட்டுங்க சார்."

அவர் பேனாவை எடுத்தார். பெயர்ப்பலகை, பிரிவுத் தலைவர் நாற்காலி, பணியாளர் அதிகாரி, மனைவி வீட்டு மனிதர்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றார்கள். அவர் எழுதியது இவ்வளவுதான்: 'நான் கவனிக்கவில்லை.'

விரிவுரையாளர் அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "பாத்தியா, இப்பவும் அவர் உன்னைக் காட்டிக்குடுக்க விரும்பல. இந்த வயசுல, பேசவும் முடியாம, படிக்கணும்னு வந்து உட்கார்றார். அவர் பேப்பரைப் பாத்து எழுத உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"நான் பாக்கல மேடம். சத்தியமா நான் பாக்கல."

"உங்க கோச்சுக்குக் கடிதம் இன்னிக்கே போயிடும். ஞாயித்துக்கிழமை தடகள மீட்டுக்கு உன் பேரு இருக்காது."

ஈட்டி அழவில்லை. மேஜைமேல் கிடந்த அந்தத் தாளை ஒருமுறை படித்தாள். அவரைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள்.

வெள்ளிக்கிழமை அவர் கல்லூரிப் பக்கம் போகவில்லை. வாசல் வரைக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார், திரும்பிவிட்டார். சனிக்கிழமை தலைவலி என்று படுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலைச் செய்தியில் கடைசிக்கு முந்தின வரி: 'கல்லூரிகளுக்கு இடையிலான தடகளப் போட்டிகள் இன்று தொடங்குகின்றன.' 'கல்லூரிகளுக்கு' என்று தொடங்கியவருக்கு மேலே வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் பதறிக் கையை ஆட்டினார். ஐந்து நொடி, ஆறு நொடி. இருபத்து நான்கு வருடத்தில் நடக்காதது. பிறகு எப்படியோ ஒப்பேற்றி முடித்தார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவிலேயே நின்றாள். "என்னங்க ஆச்சு? மூச்சடைச்ச மாதிரி நின்னுட்டீங்களே. நெஞ்சு வலியா? டாக்டரைப் பாக்கலாமா?"

அவர் செருப்பைக் கழற்றாமலேயே சொல்ல ஆரம்பித்தார். பட்டம் இல்லை என்பதில் ஆரம்பித்து, 'நான் கவனிக்கவில்லை' வரைக்கும். கேட்டுக்கொண்டே அவள் கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எங்க அண்ணனுக்கு டிகிரி இல்லைன்னு நான் எத்தனை தடவை குத்திக் காட்டியிருக்கேன் தெரியுமா?" என்றாள் கடைசியில். "உங்களை வச்சுத்தான் காட்டினேன்."

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"அது இருக்கட்டும். அது நமக்குள்ள. முதல்ல அந்தப் பொண்ணு விஷயத்தை முடிச்சுட்டு வாங்க."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. காலேஜ் பூட்டியிருக்கும்."

"வெள்ளிக்கிழமை திறந்துதானே இருந்துச்சு?"

அன்றைக்கு அவள் சாப்பாட்டைப் போட்டு மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை, செய்தி முடிந்த கையோடு கல்லூரிக்குப் போனார். விரிவுரையாளர் அப்போதுதான் அறையைத் திறந்துகொண்டிருந்தார். அந்தப் பெண்ணையும் கூப்பிட வேண்டும் என்று வாசிப்பாளர் தாளில் எழுதிக் காட்டினார். அந்த நேரத்திலும் வாய் திறக்கத் துணிவு வரவில்லை. ஆள் அனுப்பினார்கள். ஈட்டி மைதானத்திலிருந்து அப்படியே வந்தாள், காலணியில் மண். கதவோரமாகவே நின்றுகொண்டாள்.

"நான்தான் பாத்து எழுதினேன்" என்றார் வாசிப்பாளர்.

அந்தக் குரல் அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது. விரிவுரையாளர் கையிலிருந்த சாவிக்கொத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல. மூணு கணக்கும் அவளோடது. நான் அப்படியே காப்பி அடிச்சேன். அன்னிக்கு இங்க உட்கார்ந்து எழுதினதும் பொய்."

"சார்... நீங்க... ஏழு மணி நியூஸ்?"

"ஆமா."

விரிவுரையாளர் உட்கார்ந்துவிட்டார். ஈட்டி மெதுவாக இரண்டடி உள்ளே வந்தாள்.

"பேச வருமா உங்களுக்கு?"

அவர் தலையை அசைத்தார். பழக்கதோஷம். பிறகு, "வரும்மா" என்றார்.

"நான் வீட்டுல போய் சொன்னேன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "எங்க கிளாஸ்ல ஒரு அங்கிள் இருக்காரு, பாவம், வாய் பேச வராது, ஆனா ஒரு நாள் லீவு போடமாட்டாருன்னு. எங்கம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவங்களுக்கு வேணும்னா உதவி பண்ணு, கூச்சப்படாதேன்னாங்க. டெஸ்ட்ல பாத்து எழுதினதுகூட எனக்குப் பெருசா தெரியல அங்கிள். கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேன். எனக்காக ஒரு வார்த்தை பேசச் சொன்னேன். உங்களுக்குப் பேச வரும்."

அவர் நின்றுகொண்டேயிருந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வீட்டிலிருந்து ஒரு நீளமான வாக்கியம் யோசித்து வைத்திருந்தார். அதைச் சொன்னால் செய்தி வாசிப்பது போல இருக்கும் என்று தோன்றியது. "மன்னிச்சிடும்மா" என்று மட்டும் சொன்னார். அவள் அதற்குள் போய்விட்டிருந்தாள்.

கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஈட்டியின் பெயரில் கறை எதுவும் இல்லை என்று எழுத்தில் கொடுத்தார்கள். விரிவுரையாளரே மைதானத்துக்குப் போய் அவளிடம் வருத்தம் தெரிவித்ததாகக் கேள்வி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனது போனதுதான். அந்த மீட்டில் முதல் மூன்று இடம் வந்தவர்களைத்தான் அடுத்த கட்டத்துக்கு எடுத்தார்கள். அவள் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

வாசிப்பாளருக்கு அந்தப் பருவம் முழுவதும் ரத்து. வேண்டுமானால் அடுத்த பருவத்தில் முதலிலிருந்து வரலாம் என்றது கல்லூரி. வானொலியிலும் அவரே போய்ச் சொன்னார். பணியாளர் அதிகாரி கோப்பை மூடி மேஜையில் வைத்தார். வேலையை விட்டு அனுப்பவில்லை. இத்தனை வருடச் சேவை என்று யாரோ பரிந்து பேசினார்கள். தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. அவரை ஆறு மாதத்துக்குச் செய்தியிலிருந்து எடுத்து, பழைய ஒலிநாடாக்களுக்குப் பட்டியல் போடும் அறையில் உட்கார வைத்தார்கள். காலை ஏழு மணிக்கு வேறொரு குரல் கேட்டது. கடையில் தக்காளி வாங்கப் போவதை அவர் நிறுத்திக்கொண்டார், மனைவியே போனாள். அவளிடம் யாராவது "என்ன, இப்பெல்லாம் சார் குரல் கேக்கறதில்லையே?" என்றால், "வேற வேலை குடுத்திருக்காங்க" என்று சுருக்கமாக முடித்துக்கொண்டு வந்துவிடுவாள். வந்ததும் பையை மேஜையில் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். வாசலில் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இப்போது இரண்டு ஆணித் துளைகள் இருந்தன. எப்போது கழற்றினாள் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த பருவத்தில் மறுபடி போனார். அதே அறை, அதே விரிவுரையாளர், புதிய முகங்கள். பெயரைக் கூப்பிட்டபோது "உள்ளேன்" என்றார். நினைத்த மாதிரியே தலைகள் திரும்பின. யாரோ ஏதோ கிசுகிசுக்க, பின்வரிசையில் சிரிப்பு. விரிவுரையாளர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்த நாலு மாதமும் அவர் முதல் வரிசையில், யாருடைய தாளும் கண்ணில் படாத மூலையில் உட்கார்ந்தார். சந்தேகத்தைத் தானே எழுந்து கேட்டார். கேட்கும்போதெல்லாம் காது சூடாகும். கேட்டுவிட்டு உட்கார்ந்தபின் ஆற ஐந்து நிமிடம் ஆகும். இறுதித் தேர்வில் ஐம்பத்து மூன்று மதிப்பெண். அறிவிப்புப் பலகையில் தன் எண்ணுக்கு நேரே அதைப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார்.

வீட்டுக்குப் போகப் பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது அங்கே ஈட்டி நின்றிருந்தாள். தோளில் நீளமான பை. வலது முழங்கையில் கட்டு. இருவருக்கும் நடுவில் நாலைந்து பேர் இருந்தார்கள். கண்டும் காணாததுபோல் நின்றுவிடலாம்தான். அவர் நகர்ந்து பக்கத்தில் போனார்.

"கையில என்னம்மா?"

"தசைப் பிடிப்பு. சரியாயிடும்." அவள் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மீட்டு எப்போ?"

"இன்னும் அஞ்சு மாசம் இருக்கு."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் உனக்குப் பண்ணினதுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம் சார்" என்றாள். அவள் வாயில் அங்கிள் போய் சார் வந்திருந்தது. "நீங்க மன்னிப்புக் கேட்டா நான் பரவாயில்லன்னு சொல்லணும். எனக்கு இன்னும் அது வாயில வரல."

"சரிம்மா" என்றார்.

"பாஸ் பண்ணிட்டீங்களா?"

"ம். ஐம்பத்து மூணு."

அவள் தலையை அசைத்தாள். நல்லது என்பது போலவும் இருந்தது, தெரிந்துகொண்டேன் என்பது போலவும் இருந்தது. பஸ் வந்தது. கூட்டத்தில் பையை இடிக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அவருக்கும் அதே பஸ்தான். நடத்துநர் படியிலிருந்து, "ஏறுங்க பெரியவரே" என்றார். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அடுத்ததற்கு நின்றார்.